பழைய கமராவுக்கு என்ன வருத்தம்? குறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பாவித்த டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கண்ணாடிக் கமரா) ஒன்றைத் தூக்கிக்கொண்டு "கமரா செத்துப் போச்சு அண்ணா" என்று என்னிடம் வருகிற பொடியன்களின் கமராக்களில் உண்மையாகவே செத்தது குறைவு. கார்டின் பூட்டு விழுந்திருக்கும், லென்ஸின் பித்தளைப் புள்ளிகளில் உப்புப் பிடித்திருக்கும், இல்லையென்றால் முந்தின சொந்தக்காரர் எதையோ திருகிவிட்டு அப்படியே கொடுத்திருப்பார். அதேநேரம் "ஒரு குறையும் இல்லை, வீட்டுப் பாவனை" என்று சொல்லிக் கைமாறுகிற கமராவில்தான் லென்ஸுக்குள் பூஞ்சணம் வலை பின்னிக்கொண்டு இருக்கும். எது சும்மா அழுக்கு, எது தீராத வருத்தம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் காசு மிச்சம், அதற்குத்தான் இது.

ஆரம்பநிலைக் கமராக்களைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். கெனனில் 1100டி (2011), 1200டி (2014), 1300டி (2016), கொஞ்சம் மேலே போனால் 600டி, 700டி. நிக்கோனில் டி3100 (2010), டி3200 (2012), டி3300 (2014), டி3400 (2016), டி3500 (2018). சில கெனன்களின் முகத்தில் "கிஸ் எக்ஸ்50" என்று எழுதியிருக்கும், போலி என்று பயப்பட வேண்டாம், அது ஜப்பானில் விற்ற 1100டிதான். எக்ஸ்70 என்றால் 1200டி, எக்ஸ்80 என்றால் 1300டி. வெளிநாட்டு மாமா கொண்டுவந்து கொடுத்ததில் "ரெபல் ரி3" என்று இருந்தால் அதுவும் 1100டியே, அமெரிக்கப் பெயர்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி: வருத்தம் உடம்பிலா, லென்ஸிலா, பற்றரியிலா, கார்டிலா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். தெரிந்தவரின் லென்ஸைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்க்கும்போது கோளாறு போய்விட்டால் உங்கள் லென்ஸ்தான் பழுது, போகவில்லை என்றால் லென்ஸை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் ஒன்றும் விளங்காது. கடைக்குக் கொண்டுபோக முன்னர் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பி, மூன்று கிழமை கழித்து "கார்ட் லொக் ஆகி இருந்தது" என்ற பதிலோடு ஒரு பில்லும் வாங்கியவன் நான், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சுவிட்சைப் போட்டும் உயிர் வரவில்லை

பற்றரி. வேறொன்றையும் யோசிக்க முன்னர் பற்றரி. 1100டி, 1200டி, 1300டி மூன்றுக்கும் எல்பி-இ10. 600டிக்கும் 700டிக்கும் எல்பி-இ8. நிக்கோன் டி3100 தொடக்கம் டி3500 வரை எல்லாவற்றுக்கும் இஎன்-இஎல்14, அல்லது அதன் பிந்தின பதிப்பான 14ஏ. வாங்கப் போகும்போது முடிந்தால் நிரம்பச் சார்ஜ் ஏற்றிய ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள், "சார்ஜ் இல்லை, வீட்டை போய் ஏற்றிப் பாருங்கோ" என்கிற கதைக்கு இடம் வைக்கக்கூடாது.

பற்றரிக் கதவைத் திறந்தால் கதவுக்குள் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், கதவு சரியாக மூடினால்தான் அது அமுங்கும். கதவின் பல்லு உடைந்திருந்தால் கமரா பற்றரி இருப்பதையே அறியாது. அதைவிட முக்கியம், உள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். உலோகத் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ ஏதாவது தெரிந்தால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழும்பிவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போன கமரா அது. இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மாரிக்கு நின்றுவிடும். உடம்பின் அடியில் உள்ள ஆணித்தலைகள், ட்ரைபொட் பூட்டும் துளை, மேலே பிளாஷ் பூட்டும் தண்டவாளம், இந்த மூன்று இடத்திலும் துரு இருக்கிறதா என்று சேர்த்தே பாருங்கள். எங்கள் திருகோணமலையில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடற்கரையோரம் நாளாந்தம் பாவித்த கமராவை அந்தத் துரு காட்டிக்கொடுத்துவிடும்.

பற்றரி வீங்கியிருந்தால், அதாவது உள்ளே போகும்போது இறுகினால், அதைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். நிக்கோனில் வேறொரு கூத்தும் உண்டு: வேறு கம்பனிப் பற்றரி நேற்று வரை வேலை செய்தது, கமராவின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு இந்தப் பற்றரியைப் பாவிக்க முடியாது என்கிறது. கமரா பழுதில்லை, அந்தப் பற்றரியை அது ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒறிஜினல் ஒன்று, அல்லது பிந்தி வந்த நல்ல போலி ஒன்று போட்டால் சரி.

திகதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் கேட்கிறதா? கனநாள் பெட்டிக்குள் கிடந்த நிக்கோன் அப்படித்தான் கேட்கும். நிரம்பின பற்றரியைப் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டால் உள்ளே இருக்கிற சின்னச் சேமிப்பு தானாக நிரம்பும்.

"எரர் 01" என்று காட்டுகிறது

கெனனில் இது லென்ஸும் உடம்பும் ஒன்றோடொன்று கதைக்கவில்லை என்று அர்த்தம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்துப் பித்தளைப் புள்ளிகளையும் உடம்பில் உள்ள ஊசிகளையும் பாருங்கள். திருமலைக் காற்றில் இருக்கிற உப்புக்கு இந்தப் புள்ளிகள் மங்க அதிக நாள் தேவையில்லை. போன் திருத்துகிற கடைகளில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் வைத்திருப்பார்கள், நூல் விடாத துணியில் ஒரு சொட்டுத் தொட்டு மெல்லத் துடைத்தால் போதும். பென்சில் அழிறப்பரால் தேய் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அந்தத் துகள் கண்ணாடிக்குள் விழுந்தால் அது இன்னொரு தலையிடி.

துடைத்தும் போகவில்லையா, அப்போது ஒரு சோதனை இருக்கிறது, வாங்கும் இடத்திலேயே செய்யலாம். டயலை ஏவி-க்கு (துவாரத்தின் அளவை நாமே தெரிகிற நிலை) திருப்பி, லென்ஸின் துவாரத்தை ஆகப் பெரிதாக (18 மி.மீ.-இல் எஃப்/3.5) வைத்து ஒரு படம், பிறகு துவாரத்தைச் சுருக்கி எஃப்/11-இல் ஒரு படம். முதல் படம் ஒழுங்காக வந்து இரண்டாவதில் எரர் 01 வந்தால் லென்ஸுக்குள் துவாரத்தைச் சுருக்குகிற பகுதியோ, அதற்குப் போகிற மெல்லிய நாடா வயரோ போய்விட்டது. கமராவோடு சேர்ந்து வருகிற பழைய 18-55 கிட் லென்ஸுகளில் இது சாதாரணம், ஸூமைத் திருகித் திருகி அந்த நாடா களைத்துவிடும். சில லென்ஸ் 18-இல் வேலை செய்து 55-இல் மட்டும் எரர் காட்டும், அதனால் இரண்டு அந்தத்திலும் சோதியுங்கள். இப்படி ஒரு கிட் லென்ஸைத் திருத்தக் கொடுக்கிற கூலிக்கு அனேகமாக வேறொன்று பாவித்ததாகவே வாங்கிவிடலாம். ஆனால் "உடம்பு மட்டும்" விலை பேச இது நல்ல பிடி, உடம்பில் பிழை இல்லையே.

மற்ற இலக்கங்களை வேகமாகச் சொல்கிறேன். 02 என்றால் கார்ட். 04 என்றால் கார்ட் நிரம்பிவிட்டது. 05 என்றால் உள் பிளாஷ் எழும்பவில்லை. 30 வந்தால் ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடுகிற திரை), அதோடு விலை பேச வேண்டாம். 20, 99 மாதிரி வந்தால் பற்றரியை எடுத்து, லென்ஸைக் கழற்றி, கார்டை மாற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உடம்புக்குள் இயந்திரக் கோளாறு.

நிக்கோனில் இலக்கம் வராது, "எரர், ஷட்டர் பொத்தானைத் திரும்ப அழுத்துங்கள்" என்ற மாதிரி வரும். பற்றரி இறங்கியிருந்தாலும் இது வரும், முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் பயப்பட வேண்டும். டி3300-உடன் வருகிற மடிகிற கிட் லென்ஸ் என்றால் இன்னொன்று, குழாயில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தித் திருகி நீட்டாத வரைக்கும் கமரா படமே எடுக்காது. அதைப் பழுது என்று நினைத்துப் பாதி விலைக்கு விற்றவர் ஒருவரை எனக்குத் தெரியும். வாங்கியது நானில்லை, அதுதான் கவலை.

வானத்தைப் படம் எடுத்தால் கறுப்புப் புள்ளிகள்

முதலில் கண் வைத்துப் பார்க்கிற துவாரத்தில் (கண்துவாரம் என்று சொல்வோம்) தெரிகிற புள்ளியா, படத்தில் விழுகிற புள்ளியா என்று பிரியுங்கள். கண்துவாரத்தில் தெரிந்து படத்தில் விழாவிட்டால் அது உள்ளே உள்ள குவியத் திரையிலோ முகம் பார்க்கிற கண்ணாடியிலோ இருக்கிற தூசி, படத்துக்கு ஒன்றும் செய்யாது, சும்மா விடுங்கள். அந்தக் கண்ணாடியை விரலால் துடைக்கப் போனால்தான் கீறு விழும்.

படத்தில் விழுந்தால் சென்சரில், அதாவது படத்தைப் பதிகிற சில்லில், தூசி. சோதிக்கிற விதம் இது: எஃப்/16 அல்லது எஃப்/22, ஃபோகஸை மனுவலில் மங்கலாக விட்டு, முகில் இல்லாத வானத்தை ஒரு படம். எஃப்/5.6-இல் எடுத்துவிட்டு "பாருங்கோ சுத்தம்" என்று காட்டுகிறவரை நம்பவேண்டாம், லென்ஸின் துவாரம் பெரிதாக இருந்தால் தூசி தெரியாது.

இதற்கு நம்மூர்க் காரணம் ஒன்று இருக்கிறது. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை அடிக்கிற கச்சான் காற்றில் கடற்கரை மணல் எங்கேயும் போகும், அந்த நேரம் புறாத்தீவுக்குப் போகிற படகில் நின்று லென்ஸ் மாற்றினால் சென்சருக்கு மணல் தூவினது மாதிரி. மாற்றத்தான் வேண்டும் என்றால் கமராவை நிறுத்தி, காற்றுக்கு முதுகு காட்டி, உடம்பின் வாயைக் கீழே பார்க்க வைத்து மாற்றுங்கள். 600டி, 700டி, டி3100, டி3200, டி3300 ஆகியவற்றில் சென்சர் தன்னைத்தானே அதிர்த்துத் தூசி தட்டும். 1100டி, 1200டி, 1300டி, டி3400, டி3500 ஆகியவற்றில் அது கிடையாது. புது மொடல் என்று கூடக் கொடுத்து வாங்கினவருக்கு அது இல்லை, பழையதை வாங்கினவருக்கு இருக்கிறது.

துப்புரவு செய்ய ரப்பர்க் குமிழ் ஒன்று போதும். பற்றரி நிரம்பி இருக்கவேண்டும், மெனுவில் துப்புரவுக்காகக் கண்ணாடியைத் தூக்கும் தெரிவு இருக்கிறது, அதைப் போட்டு, கமராவைக் கவிழ்த்துப் பிடித்து, குமிழின் மூக்கு உள்ளே போகாமல் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில். சைக்கிள் கடைக் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வரும். அதால் ஊதி ஒரு சென்சரையே முடித்தவர் இந்த ஊரில் இருக்கிறார், பெயர் வேண்டாம். படத்தில் இடது மேல் மூலையில் புள்ளி என்றால், முன்னால் நின்று பார்க்கும்போது சென்சரில் அது இடது கீழ் மூலையில் இருக்கும், தேடுகிறவர்களுக்கு உதவும்.

ஊதியும் அசையாத, நேர்கோடு மாதிரியான அல்லது பளிச்சென்ற நிறப் புள்ளி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் வந்தால் அது தூசி இல்லை. கலியாண வீட்டு டிஜே-க்காரரின் லேசர் வெளிச்சம் சென்சரைச் சுட்ட அடையாளமாக இருக்கலாம். அது மாறாது, வாங்க வேண்டாம்.

படம் முழுக்கப் புகை மூட்டம், வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் இன்னும் மோசம்

முதலில் முன்கண்ணாடியைத் துடையுங்கள். ஏசி போட்ட அறையிலிருந்து நேரே வெளியே வந்திருந்தால் அது வெறும் பனிப்பு, பத்து நிமிடத்தில் போய்விடும். (பையைப் பூட்டினபடியே அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் அந்தப் பனிப்பே வராது.) போகவில்லை என்றால் லென்ஸைக் கழற்றி, போன் ரோச்சைப் பின்பக்கமாக அடித்து, முன்பக்கத்தால் சரித்துச் சரித்துப் பாருங்கள். தனித்தனிப் பொட்டு என்றால் தூசி, பத்துப் பதினைந்து இருந்தாலும் படத்தில் தெரியாது, அதற்காக விலையைக் குறைக்கலாமே ஒழிய விட்டுவிட வேண்டாம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வேர் விட்டது மாதிரி, சிலந்தி நூல் மாதிரி இருந்தால் அதுதான் பங்கஸ், பூஞ்சணம்.

என் முதல் டி3100 இப்படித்தான் வந்தது. ஐப்பசி மாதம், மழை தூறிக்கொண்டு இருந்தது, விற்பவர் வீட்டு விறாந்தையில் வெளிச்சமும் போதவில்லை, நான் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேனே தவிர லென்ஸுக்குள் ரோச் அடிக்கவில்லை. தை பிறந்து வெயில் வந்து, கோணேசர் கோயிலடியில் சுவாமிமலை உச்சிக்குப் போய்ச் சூரியன் கடலிலிருந்து வருவதை எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றினது மாதிரி. உள்ளே வலை. அந்த லென்ஸை இன்னும் வைத்திருக்கிறேன், பங்கஸ் எப்படி இருக்கும் என்று காட்ட.

நம்முடைய ஊரில் இது ஏன் இவ்வளவு என்றால், ஐப்பசி கார்த்திகையில் தொடங்கி மார்கழி தை வரை வடகிழக்கு மழை, மற்ற மாதமெல்லாம் கடல் ஈரம். ஈரப்பதன் எழுபது விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்காக நின்று, இருட்டும் காற்றில்லாமையும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குக் கலியாணம். அலுமாரிக்குள் உடுப்புக்கு நடுவில் வைப்பது, அதிலும் தோல் பைக்குள் வைத்துப் பூட்டுவது, இதைவிட மோசமான இடம் கிடையாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து மின்சார உலர்பெட்டி வாங்க வேண்டியதில்லை. வாய் இறுக மூடுகிற பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று, இவ்வளவும் போதும். முள்ளு நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கவேண்டும். நீல மணி ரோஸ் நிறமாக மாறினால், செம்மஞ்சள் மணி பச்சையாக மாறினால், ஈரம் குடித்துவிட்டது, அவணில் மெல்லிய சூட்டில் வைத்துத் திரும்பக் காய வையுங்கள். அரிசிக்குள் போட்டு வைக்கிற பழக்கத்தை விடுங்கள், தவிடு லென்ஸுக்குள் போகும், ஈரமும் பெரிதாகக் குடிக்காது.

வந்துவிட்ட பங்கஸுக்கு என்ன செய்வது? கிட் லென்ஸ் என்றால் ஒன்றும் செய்யவேண்டாம், விலைக்கு வேறொன்று தேடுங்கள். நல்ல லென்ஸ், ஓரத்தில் மட்டும் மெல்லிய தொடக்கம் என்றால் திருத்துகிறவர் கழற்றித் துடைப்பார். ஆனால் கனநாள் இருந்த பங்கஸ் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்த பிறகும் தழும்பு இருக்கும், அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் வெயிலில் சில மணித்தியாலம் வைத்தால் வளர்ச்சி நிற்கும் என்பார்கள், வைக்கலாம், ஆனால் இருக்கிற வலை போகாது.

ஃபோகஸ் பிடிக்கவில்லை

லென்ஸின் பக்கத்தில் ஏஎஃப் (தானாக), எம்எஃப் (கையால்) என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது எம்எஃப்-இல் நிற்கும். சிரிக்க வேண்டாம், எனக்கு வந்ததில் பாதி இதுதான்.

நிக்கோனில் மட்டும் இன்னும் இரண்டு கண்ணி இருக்கிறது. டி3100 தொடக்கம் டி3500 வரை எதிலும் உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டர் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறது என்று 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்கினால் கையால்தான் திருகவேண்டும், ஏஎஃப்-எஸ் என்று எழுதின 1.8ஜி-தான் தானாகப் பிடிக்கும். அடுத்தது ஏஎஃப்-பி லென்ஸ். டி3400-உடன் வந்த அந்தக் கிட் லென்ஸை டி3100-இலோ டி3200-இலோ போட்டால் தானாகவும் பிடிக்காது, கையால் திருகினாலும் பிடிக்காது, ஏனென்றால் அந்த வளையமே மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. டி3300 என்றால் மென்பொருளைப் புதுப்பித்தால் வேலை செய்யும். உடம்பையும் லென்ஸையும் வேறு வேறு ஆட்களிடம் வாங்குகிறவர்கள் இதில்தான் விழுவார்கள். கெனனில் இந்தக் கரைச்சல் இல்லை, ஈஎஃப் லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டர் லென்ஸுக்குள்.

ஃபோகஸ் போய்ப் போய் வருகிறது, நிற்கவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. கெனனில் 9 புள்ளி, நிக்கோனில் 11 புள்ளி என்றாலும் நடுப் புள்ளிதான் வலுவானது, அதை மட்டும் தெரிந்து, ஏதாவது கோடு விழுகிற இடத்தில் பிடியுங்கள். பிடித்தும் படம் எப்போதும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ட்ரைபொட்டில் வைத்து, கண்துவாரத்தால் பார்த்து ஒன்று, பின்திரையில் பார்த்து ஒன்று எடுங்கள். பின்திரையில் எடுத்தது கூர்மை, மற்றது மங்கல் என்றால் உள்ளே சீர்படுத்தல் விலகியிருக்கிறது. இந்த மொடல்களில் மெனுவால் அதைச் சரிசெய்ய முடியாது, அதனால் வாங்க முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்துவாரத்தில் பார்த்தால் எல்லாமே மங்கல், ஆனால் படம் கூர்மை என்றால் அதற்குப் பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரத்தை உங்கள் கண்ணுக்கு ஏற்றமாதிரித் திருகுங்கள். அவ்வளவுதான்.

ஸூம் திருகும்போது கரகரக்கிறது

மணல். திருகுவதை உடனே நிறுத்தி, வளையத்தைச் சுற்றிக் குமிழால் ஊதி, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். நிற்கவில்லை என்றால் கழற்றத்தான் வேண்டும்.

ஷட்டர் எத்தனை அடித்தது என்று எப்படித் தெரியும்

விற்பவர் படத்தின் இலக்கத்தைக் காட்டி "2300 படம்தான்" என்பார். அந்த இலக்கம் 9999 போனதும் திரும்ப 0001-இல் தொடங்கும், அதனால் அதில் ஒன்றும் இல்லை. நிக்கோனில் ஒவ்வொரு ஜேபெக்குக்குள்ளும் கணக்கு எழுதப்பட்டிருக்கும், எக்ஸிஃப்டூல் மாதிரி மென்பொருளில் பார்க்கலாம். ஆனால் கார்டிலிருந்து நேரே எடுத்த படம் வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்த விவரம் உரிந்துவிடும், "படம் அனுப்பினேனே, பாருங்கோ" என்பதில் மயங்கவேண்டாம். கெனனில் படத்துக்குள் இருக்காது, கமராவை வயரால் கணினியில் இணைத்து அதற்கான மென்பொருளால்தான் கேட்கவேண்டும். டி3200-இன் ஷட்டரை 1,00,000 அடி வரை சோதித்ததாக நிக்கோன் சொல்கிறது. அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்னும் நிற்கும். கலியாண வீடும் சாமத்திய வீடும் ஒன்றுவிடாமல் ஓடின கமரா என்றால் இலக்கம் பெரிதாகத்தான் இருக்கும், விலை அதைப் பார்த்துப் பேசவேண்டும்.

கணினி கையில் இல்லை என்றால் ஷட்டர் வேகத்தை 1/4000-இல் வைத்து வெள்ளைச் சுவரை வெயிலில் பத்துப் படம் எடுங்கள். ஒரு ஓரம் கறுத்தோ வெளிறியோ வந்தால் ஷட்டர் திரை தள்ளாடுகிறது. வெளிப் பிளாஷ் போட்டு 1/200-க்கு மேலே போகும்போது வருகிற கறுப்புப் பட்டை பழுது இல்லை, அது இந்தக் கமராக்களின் எல்லை. அடியில் அரைவட்ட நிழல் வந்தால் உள் பிளாஷின் வெளிச்சத்தை லென்ஸின் முன்னால் பூட்டுகிற தொப்பி (ஹூட்) மறைக்கிறது. கழற்றுங்கள்.

உள் பிளாஷ் எழும்பமாட்டேன் என்கிறது

மேலே வெளிப் பிளாஷ் பூட்டுகிற தண்டவாளத்துக்குள் ஒரு ஓரத்தில் மிகச் சின்ன நெம்புகோல் ஒன்று இருக்கிறது. உப்பும் தூசியும் பிடித்து அது அமுங்கியே நின்றால், வெளிப் பிளாஷ் பூட்டியிருக்கிறது என்று கமரா நினைத்து உள் பிளாஷைத் தூக்காது. ஏதாவது பழைய பிளாஷின் பாதத்தை நாலைந்து தரம் உள்ளே விட்டு எடுங்கள், பெரும்பாலும் விடுபடும். ஊசியால் குத்த வேண்டாம்.

கார்ட் வேலை செய்யவில்லை

இடப்பக்கத்துப் பூட்டைப் பாருங்கள். பிறகு கமராவுக்குள்ளேயே ஃபோர்மட் செய்யுங்கள், கணினியில் இல்லை. சந்தையில் 64 ஜிபி என்று எழுதின போலி கார்ட் நிறைய, முதல் கொஞ்சம் படம் பதியும், பிறகு உடைந்த படங்கள் வரும். கணினியில் நிரம்ப எழுதித் திரும்ப வாசித்துச் சோதித்துவிட்டுத்தான் பாவிக்கவேண்டும். பிள்ளையின் முதல் பிறந்தநாளை அப்படித் தொலைத்தவர் வீட்டில் நான் இருந்திருக்கிறேன், அந்த முகத்தைப் பார்க்க ஏலாது.

எடுத்த படமெல்லாம் இருட்டு, அல்லது நீலம், அல்லது புள்ளிபுள்ளி

முந்தின ஆளின் கை. வெளிச்சத் திருத்தம் கழித்தல் இரண்டில் நிற்கும், ஐஎஸ்ஓ 6400-இல் நிற்கும், வெண்சமநிலை குண்டு பல்பில் நிற்கும். ஒவ்வொன்றாகத் தேடவேண்டாம், மெனுவில் எல்லா அமைப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் தெரிவை அழுத்துங்கள்.

நிக்கோனில் துவாரம் சுருக்கினால் மட்டும் படம் வெளிறுகிறதா? லென்ஸின் பின்னால் உள்ள சின்ன நெம்பை விரலால் மெல்லத் தள்ளிவிட்டு விடுங்கள், தகடுகள் டக்கென்று மூடவேண்டும். சோம்பலாக மூடினால் எண்ணெய் பிடித்துவிட்டது.

கோயில் திருவிழா இரவில் ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, நடுவில் பட்டை பட்டையாக என்றால் கமராவில் பிழையில்லை. நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்த எல்ஈடி மாலைகள் அந்தத் தாளத்தில் மினுங்குகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்து எடுங்கள், பட்டை குறைந்துவிடும். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒரு இரவு முழுக்க இதோடு மல்லுக்கட்டியபிறகு எனக்கே விளங்கியது.

எல்லாம் சரி, ஆனாலும் போனில் வடிவாக வருகிறது

இதையும் பழுது என்று கொண்டுவருகிறார்கள். போன் தானாகப் பல படங்களைச் சேர்த்து நிழலைத் தூக்கி நிறத்தைக் கூட்டித் தருகிறது, கமரா உள்ளதை உள்ளபடி தருகிறது. கிட் லென்ஸும் ஓட்டோ டயலும் வைத்துக்கொண்டு இருட்டில் போனோடு போட்டி போட்டால் போன்தான் வெல்லும். 50 மி.மீ. எஃப்/1.8 ஒன்று தேடி மாட்டுங்கள், தரத்தை ரோ-வுக்கு (சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கிற கோப்பு) மாற்றுங்கள். ரோ-வைத் திறக்கக் கணினியில் அதற்கான மென்பொருள் வேண்டும், திறக்கவில்லை என்று கார்டைக் குறை சொல்லவேண்டாம்.

பிறகு திருகோணமலைக் கோட்டைக்குள் பின்னேரம் ஐந்து மணிக்குப் போங்கள், புள்ளிமான்கள் ஆலமர நிழலில் நிற்கும், வெயில் சரிந்து முதுகில் விழும். ஏவி (நிக்கோனில் ஏ), எஃப்/2.2, நடுப் புள்ளியை மானின் கண்ணில் வையுங்கள். அதே மானைப் போனிலும் ஒன்று எடுத்து வைத்து, இரண்டையும் பெரிய திரையில் பாருங்கள். அங்கே உள்ள இராணுவ முகாம் பக்கம் மட்டும் கமராவை நீட்ட வேண்டாம், அந்தக் கோளாறுக்கு என்னிடம் வழி இல்லை.